குடை நுனியில் பதினோரு மனை

மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை அது. துணி இரண்டு இடத்தில் தைத்திருக்கும், நுனியில் ஒரு விரற்கடை இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். மே மாத வெயிலிலும் அதை விரிக்க மாட்டார் பம்பாயில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். விரிப்பதற்காக அவர் குடை வைத்திருக்கவில்லை. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த வரிசையில், யார் எங்கே நாலு கம்பு நட்டுத் தகரம் வேயலாம் என்பதை அந்தக் குடைதான் சொல்லும். நீளத்துக்கு மூன்று குடை, அகலத்துக்கு மூன்று குடை. சேற்றில் நுனியால் கோடு இழுத்துவிட்டு, "பக்கா. போட்டுக்கோ" என்பார். அந்த நிலம் அவருடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. என்றைக்கு எந்த அதிகாரி வந்து பிடுங்கிப் போடுவானோ என்று பயந்துகொண்டிருந்த சதுப்பு அது. அதைப் பங்கு வைப்பதில் அவருக்கு ஒரு ஜமீன்தாரின் தோரணை இருந்தது.

தோல் கிடங்கில் அவர் முக்காதம். முப்பது ஆட்களை மேய்க்கிற கங்காணி வேலை. அந்த முப்பது பேரிடம் பேசுகிற குரலிலேதான் உலகத்தோடும் பேசுவார். ஊரை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூட ஒரு தரம் போனதில்லை. ஆனால் ஊரைப் பற்றி அவரை விட்டால் பேச ஆள் கிடையாது. எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வயலுக்கு எந்த மடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணைத் திறந்து ஒரு முறை போய்ப் பார்த்திருக்கலாம்.

நான் அப்போது கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சங்கத்தின் பதினோரு பேர் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகிற கடிதமெல்லாம் நான் எழுதியவை. இரவில் சங்கத்து அறையில் ஒன்பது பேருக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை அழைத்துவந்து வைக்க ஒரு குடிசை வேண்டும். தலைவர் எனக்காகச் சேற்றில் கோடு இழுத்துக் காட்டியது ஒரு வியாழக்கிழமை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஊரிலிருந்து வந்த மனுவை எடுத்தார்கள்.

மனு இதுதான். எங்கள் ஊர்க் குளத்தங்கரைக்குக் கீழே, பள்ளத்தில், ஒன்பது குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு ஐப்பசியிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். மேட்டில் கொடைத் திடல் சும்மா கிடந்தது. அதில் ஒன்பது வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். திடலைக் கோயில் கொடைக்காக வாங்கியது பம்பாய்ச் சங்கம். பத்திரமும் சங்கத்தின் பேரில்தான். அதனால், பம்பாய்க்காரர்கள் சம்மதக் கடிதம் கொடுத்தால் எங்களுக்கு மறுப்பில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் கைகழுவிவிட்டார்கள். மனுவில் முதல் கையெழுத்து என் அக்காளுடையது. அந்தப் பள்ளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று பெய்த மழையை நான் மறக்கவில்லை. சங்கத்து அறையின் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. சாக்கடைத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே பாயைச் சுருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் தண்ணீர் ஏறுகிற ஒன்பது வீட்டைப் பற்றி நாங்கள் விசாரணை நடத்தினோம். ஒருவர், கொடைக்கு வில்லுப்பாட்டு மேடை எங்கே போடுவது என்றார். இன்னொருவர், இன்றைக்கு ஒன்பது வீட்டுக்கு விட்டால் நாளைக்குத் தொண்ணூறு வீடு வரும் என்றார். அவரே ஒரு தகரத்தின் கீழ் எட்டுப் பேரோடு இருந்தவர். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"அரே, எல்லாரும் ஒண்ண மறந்துட்டுப் பேசுதிய. நாளைக்கு வயசாயி நாம ஊருக்குப் போவோம்லா? அப்ப நாம எங்கவே வீடு கட்டுதது?"

அவ்வளவுதான். ஒழுகுகிற கூரையின் கீழ் பதினோரு முகமும் மலர்ந்துவிட்டன. தலைவர் எழுந்து மண் தரையில் குடை நுனியால் திடலை வரைந்தார். வேப்பமரம், கிணறு, கிழக்கே கோயில். அந்தக் கிணறு தூர்ந்து போய் ஏழெட்டு வருஷமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. திடலைப் பதினோரு மனையாகப் பிரித்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நடந்தது மனுவைப் பற்றிய பேச்சே இல்லை. கிழக்குப் பார்த்த மனை யாருக்கு, கிணற்றடி யாருக்கு என்ற சண்டை. வேப்பமரத்தடி மனைக்காக இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார்கள். எனக்கு வடமேற்கு மூலை விழுந்தது. அக்காளுக்காக வாய் திறக்க வேண்டிய அந்த நேரத்தில், அந்த மூலைக்குச் சாயங்காலம் மரத்து நிழல் வருமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பினார். "முத கையெழுத்து ஒன் அக்காதாம்னு எல்லாருக்கும் தெரியும்டே. அதனால மறுப்பக் கூட நீயே எழுது. நம்ம சங்கத்துல ஓரவஞ்சன கெடையாதுன்னு ஊருக்குத் தெரியட்டும்."

எழுதினேன். 'இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடித்துப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் அக்காளுக்காகச் சேர்த்தது. "வருத்தம் எதுக்குலே? நாம என்ன தப்பா பண்ணுதோம்? அடிச்சிரு" என்றார். அடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று வேறொரு தாளில் முழுவதையும் புதிதாக எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், வருத்தமும் இல்லாமல், சுத்தமான கடிதம். அந்த மாதமே என் குடிசைக்குக் கம்பு நட்டாயிற்று.

ஐப்பசியில் குளத்தங்கரை உடைந்தது. பள்ளத்தில் உயிர்ச்சேதம் இல்லை. வீடு என்று ஒன்றும் மிச்சமும் இல்லை. தை பிறந்ததும் அக்காளும் மச்சானும் இரண்டு பிள்ளைகளும் ஒரு தகரப் பெட்டியோடு என் குடிசை வாசலில் வந்து நின்றார்கள். நானும் என் புது மனைவியும் அவர்கள் நாலு பேருமாக, மூன்று குடைக்கு மூன்று குடையில் இருந்தோம். இரண்டாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அக்காள் சொன்னாள்: "சங்கத்துக் கடுதாசிய நாந்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன். எழுத்து முத்து முத்தா இருந்துச்சு, தம்பி." அதற்குப் பிறகு சாகும்வரை அவள் என்னிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தரம் திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் வந்தார், குடையோடு. முகமெல்லாம் பரிவு. "நம்ம ஊர்ப் பிள்ள நடுத்தெருவுல நிக்கலாமா? நான் இருக்கேன்லா!" என்று, வரிசையின் கடைசியில் சாக்கடை வளைகிற இடத்துக்கு அக்காளை அழைத்துப்போனார். கணுக்கால் அளவு சகதி. அதில் குடை நுனியைக் குத்திக் கோடு இழுத்தார். இழுக்க இழுக்கத் தண்ணீர் அந்தக் கோட்டை மூடிக்கொண்டே வந்தது. தான் செய்வது என்னவென்று அவருக்குக் கொஞ்சமாவது உறைத்ததா என்று அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை. தானம் கொடுக்கிறவனின் பூரிப்பு மட்டும்தான் அதில் இருந்தது. கெட்டவர் என்று சொன்னால்கூட அவருக்கு ஒரு மரியாதை கொடுத்ததாகிவிடும்.

அக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "அண்ணாச்சி, அங்க காஞ்ச தரையா ஒரு துண்டு கேட்டோம். அத இல்லன்னுட்டு, இங்க சகதியக் காட்டுதிய" என்றாள்.

"அது வேற தாயி, இது வேற" என்றார் தலைவர். அக்காள் சகதியில் இறங்கினாள். வேறு எங்கே போவாள்? முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில் இருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் பாத்திரங்களைக் கட்டில்மேல் ஏற்றி, மழை விட்டதும் இறக்கி வைத்தாள். அங்கேயேதான் செத்தாள்.

மனை பிரித்துக்கொண்ட பதினோரு பேரில் ஒருவரும் ஊருக்குப் போகவில்லை. எட்டுப் பேர் தாராவியிலேயே முடிந்தார்கள். ஒருவர் செம்பூரில், ஒருவர் தாணேயில் மகன் வீட்டில். மிச்சம் நான். வேப்பமரத்துக்குச் சண்டை போட்ட இரண்டு பேருக்கும் ஒரே சுடுகாடு. போன வருஷம் ஊருக்குப் போய்த் திடலைப் பார்த்தேன். வேப்பமரமும் இல்லை, சீமைக்கருவேலம் மண்டி உள்ளே கால் வைக்க வழியில்லை. என் வடமேற்கு மூலையில் யாரோ செத்த கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

சங்கத்துக்கு இப்போது தளம் போட்ட கட்டடம் இருக்கிறது. தலைவரின் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, படத்துக்குக் கீழே அந்தக் குடையையும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் சங்கத்துப் பையன்கள் ஒரு வெள்ளைப் பலகையோடு வீட்டுக்கு வந்தார்கள். "மாமா, ஃபோட்டோவுக்குக் கீழ 'ஊர் வாழ வழி செய்தவர்'னு ஒரு லைன் போடணும். எங்களுக்குத் தமிழ் எழுத வராது. உங்க ரைட்டிங்தான் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான் ஒருவன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அக்காளுடைய மகன் இப்போது அந்தச் சங்கத்தில் செயலாளர், அவன் மனம் நோகும், செத்துப்போன மனிதரைப் பற்றி இப்போது எதற்கு என்று வழக்கம்போல எனக்குக் காரணங்கள் கிடைத்தன. பலகையை மடியில் வைத்துப் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தேன். முத்து முத்தாகத்தான் இருந்தது. குடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.