நீச்சல் குளத்து நெடி

கூரை போட்ட அந்த நீச்சல் குளத்தைப் பராமரிப்பவரைப் பூட்டுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். துடைப்பத்துக்குக்கூடப் பூட்டுப் போடுகிற மனுஷன். ஒருநாள் சோப்பு காணாமல் போனதும், வருகிற அத்தனை பேரும் திருடர்கள் என்று முடிவுகட்டி, நீந்துமுன் உடம்பு கழுவும் அறையையே பூட்டிவிட்டார்.

அடுத்த வாரம் குளத்தில் குளோரின் நெடி தூக்கியடித்தது. நீந்தியவர்கள் கண் சிவந்து, இருமிக்கொண்டே வெளியேறினார்கள். மேலாளர் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"மருந்தை அள்ளிக் கொட்டுறீங்களா? சீக்கிரம் சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

பூட்டுக்காரர் மருந்தைக் குறைத்தார். நெடி கூடியது. இன்னும் குறைத்தார், இன்னும் கூடியது. அப்படியானால் திருட்டுத்தனமாக வேறு யாரோ கொட்டுகிறார்கள். மாலை வேலைக்கு வருகிற மச்சானைத் தவிர யார்? மனைவியின் தம்பிதான் என்றாலும், தன் வேலைமேல் அவனுக்கு ஒரு கண் என்று இவருக்கு வெகுநாளாகவே உறுத்தல்.

மருந்து டப்பாவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார். நெடி அசையவில்லை.

"என்னடா, கள்ளச்சாவி வெச்சிருக்கியா?"

"ஆமா மாமா, உங்க இடுப்புல தொங்குற கொத்துல பாதி என்னோடதுதான்," என்றான் மச்சான். பிறகு குரல் இறங்கியது. "அக்காகிட்டயும் நான்தான் கொட்டுறேன்னு சொல்லிட்டீங்க. அது எங்கிட்ட முகங்கொடுத்தே பேசுறதில்ல. வாங்க, உங்க கண்ணு முன்னாலயே தண்ணியைச் சோதிச்சுப் பாப்போம்."

தில்லுமுல்லு செய்வான் என்று சோதனைக் குழாயைப் பூட்டுக்காரர் தானே பிடித்துக்கொண்டார். முதல் சோதனை மாத்திரையைப் போட்டதும் நீர் லேசாகத்தான் சிவந்தது. கிருமியைக் கொல்லும் குளோரின் அதில் அவ்வளவுதான் மிச்சம். அடுத்த மாத்திரைக்குக் குபீரென்று சிவந்தது. வேர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜனோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் சிவப்பு அது. கண்ணைக் கரித்ததும் மூக்கில் ஏறியதும் அவைதான். மருந்து கூடிப்போகவில்லை, அழுக்குக்கு மருந்து போதவில்லை.

"கழுவாமத்தான எறங்குறாங்க மாமா. கழுவுற ரூமைப் பூட்டினது யாரு?"

பூட்டுக்காரர் கொத்தில் சாவியைத் தேடி எடுத்து அறையைத் திறந்தார். பாதி நீரை மாற்றி, மருந்தைக் கணக்காகக் கூட்டி, ஜன்னல்களையும் விரியத் திறந்துவைத்தார். இருமல் அடங்கியது. வேலை தப்பியது.

"உன்னைச் சொன்னது தப்புதான்டா."

"அதை அக்காகிட்ட சொல்லுங்க மாமா."

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி உடனே தம்பியைச் சாப்பிட அழைத்தாள்.

மறுநாள் முதல் குளத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் தலையையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினார். மேலாளரே நீந்த வந்தபோதும் காலை நீட்டி மறித்தார்.

"தலை நனையலையே சார்."