ஈர ஃபிலிமுக்கு விசிறியவர்

தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்த அந்த மனிதர் ஒல்லியாக, முன்பல் எடுப்பாக இருந்தார். ஈர ஃபிலிமைக் கொடியில் மாட்டி, காயும்வரை காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே நிற்பார். என் தம்பியின் ஃபிலிமில் இதயம் வலது பக்கம் தெரிந்ததும், "டேய், திரும்பி நின்னு ஏமாத்திட்டியா?" என்று மறுபடி எடுத்தார். மறுபடியும் வலது பக்கம்தான்.

அடுத்த மாதம் நெஞ்சுச்சளி முற்றி தம்பி இறந்துபோனான். அதற்குமுன் காரிமங்கலம் சந்தைக்கு அவனை மழையில் கூட்டிப்போனது நான்தான். அவன் போனபிறகு, அங்கேயே கிடந்த ஃபிலிமை வாங்கப் போனபோது அவரிடம் கேட்டுவிட்டேன்.

"நான் நனைய வுட்டதாலதானுங்களா?"

"இல்ல கண்ணு. பெரிய டாக்டர்கிட்ட அப்பவே கேட்டேன். மூச்சுக்குழாயில பொடிப்பொடியா முடி இருக்குதாம். அது ஆடி ஆடி சளியத் தள்ளுமாம். அத ஆட்டுற புரதம் அவனுக்குப் பொறவியிலயே இல்லாம இருந்திருக்கும்னாரு. கருவுல இதயம் பக்கம் மாறுனதும் அதனாலதான் இருக்குமாம். நீ என்ன பண்ணுவ?"

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். பயமில்லாமல், தம்பிக்காக மட்டும் அழுதது அன்றுதான். ஒரே ஒருநாள் பார்த்த பையனுக்காக, யாரும் சொல்லாமலே அவர் போய் டாக்டரைக் கேட்டது ஏன் என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.