வேனுக்குள் எரிந்த கீசரும் என் அத்தானும்

இந்த ஜெப ஐக்கியத்தில் என்னைத் தெரியாதவர்களும் இருக்கிறீர்கள். என் பெயர் ஐசக். ஊர் சாத்தான்குளம் பக்கம். ஷார்ஜாவில் ஒரு கிளீனிங் கம்பெனியில் கண்ணாடி துடைக்கிற வேலை பார்த்தேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று முன்பு ஒரு தடவை இதே இடத்தில் நின்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினீர்கள். அது பாதிதான். மீதியையும் இன்றைக்குச் சொல்கிறேன். தயவுசெய்து நடுவில் கைதட்ட வேண்டாம்.

என் அக்கா மெர்சியின் வீட்டுக்காரர் பெயர் தங்கராஜ். எனக்கு முன்னாலேயே இங்கே வந்தவர். கம்பெனியில் சொல்லி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஒரே ரூம், ஒரே வேன். அவர் ஓட்டுவார், ரெண்டு பேரும் துடைப்போம். எப்பவும் கேலிப் பேச்சுதான். "கண்ணாடி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் உள்ள இருக்கவனுக்கு நம்ம தெரிய மாட்டோம் மாப்ள" என்பார். அப்போ சிரிப்பேன். இப்போ நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

2005 கடைசியில், குளிர் ஆரம்பிக்கிற சமயம், கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. இங்கே பனியும் மண்ணும் சேர்ந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். ஹோட்டல் கண்ணாடி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. வெந்நீர் அடித்தால் ஒரே இழுப்பில் போய்விடும். அதனால் குளியலறையில் மாட்டுகிற கேஸ் கீசரை வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, வேனுக்குள் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டிவிட்டார்கள். அதன் அருகிலேயே சிலிண்டர், கயிற்றால் கட்டி. புகை போக ஒரு குழாய் கிடையாது. கூரையில் ஓட்டை போட்டால் வண்டி கெட்டுப்போகுமாம்.

"புகை எங்க சார் போகும்?" என்று அத்தான் சூப்பர்வைசரிடம் கேட்டார்.

"பின்கதவு இருக்குல்ல, அது வழியா போகும். மாஃபி முஷ்கில்" என்றார் அவர். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம்.

அன்றிலிருந்து எங்களுக்குத் தலைவலி. முதலில் வெயில் என்று நினைத்தோம். குளிர்காலத்தில் என்ன வெயில். அப்புறம் வெறும் வயிற்றில் வேலை செய்வதால் என்று நினைத்தோம். சாப்பிட்டாலும் குமட்டியது. அத்தான்தான் கண்டுபிடித்தார். "வெள்ளிக்கிழமை லீவுல தலை வலிக்க மாட்டேங்கே, கவனிச்சியா மாப்ள? இது அந்தக் கீசர் வேலை."

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னோம். அவர் மேஜையைத் திறந்து ஒரு பட்டை பனடால், தலைவலி மாத்திரை, எடுத்துக் கொடுத்தார். அதுதான் கம்பெனி எங்களுக்குச் செய்த பாதுகாப்பு.

2006 ஜனவரியில் ஒரு நாள் அல் ஐன் என்கிற ஊரில் பெரிய வில்லா ஒன்றில் வேலை. காலையிலேயே மண்காற்று. திறந்த பின்கதவு வழியாகக் காற்று புகுந்து கீசர் அணைந்து அணைந்து போனது. டேங்கிலும் மண் விழுந்தது. அத்தான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் கேட்டது. "தண்ணியில மண் விழுந்தா கண்ணாடியில கோடு விழும். கதவைச் சாத்திட்டு உள்ள ஒருத்தன் உக்காந்து கீசரைப் பாத்துக்கோ. யல்லா, ஜல்தி, சீக்கிரம்."

அத்தான் உள்ளே உட்கார்ந்தார். வேன் தெருவில் மதிலோரம் நின்றது. நான் பைப்பை இழுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன்.

வெந்நீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும், "அத்தான், தண்ணிய நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். நிற்கவில்லை. காற்றில் கேட்கவில்லை போல என்று நினைத்து வேனுக்கு வந்து பக்கக் கதவைத் தள்ளினேன். அடுப்படி மாதிரி அனல் அடித்தது. அத்தான் டேங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை தொங்கிக் கிடந்தது. முகம் நல்லா சிவந்து, ஆரோக்கியமாகத் தூங்குகிறவர் மாதிரி இருந்தது. உலுக்கினேன். அசையவில்லை.

உள்ளே ஏறி இழுத்தேன். அவர் கனத்த உடம்பு. பைப்பும் வாளியும் காலில் மாட்டியது. கொஞ்ச நேரத்தில் என் தலை சுற்றியது, கால் என் கால் மாதிரி இல்லை. கதவோரத்தில் விழுந்தேன். தலை வெளியே, உடம்பு உள்ளே. எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் கத்தி ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, எங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன். யாரையாவது அனுப்பும். இப்பவே அனுப்பும்."

மதில் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அண்ணே, என்னண்ணே ஆச்சு?"

தமிழ். அல் ஐனில் ஒரு அரபி வீட்டு மதிலுக்குப் பின்னாலிருந்து தமிழ். நாங்கள் துடைத்துக்கொண்டிருந்த அதே வீட்டில் வேலை செய்கிற பெண். இலங்கை, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை என்று அவளே அப்புறம் சொன்னாள். நான் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ கத்தியிருந்தால் காற்றுச் சத்தம் என்று விட்டிருப்பாள். ஜெபம் தாய்மொழியில்தானே வரும். அதனால் அவளுக்குப் புரிந்தது.

கேட்டைத் திறந்து ஓடி வந்தாள். என் சட்டையைப் பிடித்து மண்ணில் இழுத்துப் போட்டாள். "நீங்க மூச்சு விடுங்கண்ணே" என்றாள். ஓடிப்போய்ப் பின்கதவு ரெண்டையும் திறந்தாள். காற்று வேனுக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. தலைத்துணியை அவிழ்த்து வாயை மூடிக்கொண்டு ஏறினாள். அவள் காலைப் பிடிக்க, நான் தட்டுத்தடுமாறி எழுந்து தோளைப் பிடிக்க, அத்தானை வெளியே கொண்டுவந்தோம். அவள் வீட்டுக்காரம்மாவை அரபியில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் தன் வேலைக்காரி தலையில் துணி இல்லாமல் தெருவில் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்கு ஹிந்தியில் விளக்கினார். மூடின இடத்தில் கேஸ் எரிந்தால், காற்று குறையக் குறைய ஒரு விஷவாயு உண்டாகுமாம். கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்கினவன் எழுந்திருக்க மாட்டான். எனக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். அத்தானுக்கு மிஷின்தான் மூச்சு விட்டது.

கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வண்டிச் சாவி எங்கே?" அன்றைக்கே கீசரைக் கழற்றிவிட்டார்கள். வேனில் போல்ட் ஓட்டை மட்டும் மிச்சம்.

நான் கட்டிலில் கிடந்து ஜெபித்தேன். "உயிரை மட்டும் கொடும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." ஊரில் அக்கா உபவாசம் இருந்தாள். சில நாள் கழித்து அத்தான் கண் விழித்தார். என்னைப் பார்த்து "மாப்ள" என்றார். அந்தச் சந்தோஷத்தில் வந்துதான் இங்கே சாட்சி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

இனிமேல் சொல்வது நீங்கள் கேட்காதது.

ரூமுக்கு வந்து கொஞ்ச வாரம் அத்தான் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டார். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். காரணமில்லாமல் அழுதார். உட்கார்ந்த இடத்திலேயே ஈரமாக்கினார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிலருக்கு அந்த வாயு மூளையில் செய்கிற கெடுதல் பிந்தித்தான் தெரியும் என்றார். கம்பெனி விசாவை கேன்சல் பண்ணியது. டிக்கெட்டைக் கையில் கொடுத்து "கலாஸ்" என்றது. முடிந்தது என்று அர்த்தம். அவர்களுக்கு முடிந்தது.

நான்தான் ஊருக்குக் கூட்டிப்போனேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்து அழுதாள். அத்தான் மரியாதையாகக் கையை விலக்கிக்கொண்டு என் காதில் கேட்டார். "அந்தம்மா யாரு மாப்ள? ஏன் அழுதாங்க?"

திரும்பி வந்து இங்கே இதைச் சொல்ல எழுந்தேன். ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பகுதி வேண்டாம். புதுசா வர்றவங்க விசுவாசம் குறைஞ்சிரும்" என்றார். கண் விழித்தது ஆண்டவர் செய்தது. புத்தி போனது யார் கணக்கு? பல மாதம் நான் இந்தப் பக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல அல் ஐனுக்கும் போனேன். வீட்டு டிரைவர் கேட்டில் நின்று சொன்னார். "அவளா? ஊருக்கு அனுப்பிட்டாங்க. கேட்டைத் தாண்டிப் போய் ஆம்பளையைத் தொட்டாள்னு." பெயர் கேட்டேன். சொல்லவில்லை. என் ஜெபத்துக்குப் பதிலாக வந்தவள் அவள். என்னால் பிழைப்பைத் தொலைத்தாள். பெயர் தெரியாமலே தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன்.

கம்பெனியில் இன்னும் ரெண்டு வேனில் அதே கீசர் உள்ளேயே எரிந்தது. சூப்பர்வைசரிடம் போனேன்.

"கதவைத் திறந்து வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. மூடினது உன் அத்தான்" என்றார்.

"நீங்கதான சார் போன்ல மூடச் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

அன்றைக்கு ஜெபத்தில் எனக்கு ஸ்தோத்திரம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, இவங்ககிட்ட பேச எனக்கு வாய் இல்ல. அந்த ரெண்டு வண்டியையும் நீரே நிறுத்தும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை டியூட்டிக்கு வண்டி எடுக்கிற நேரம். ரஹ்மத் பாய் என்று ஒரு பெஷாவர்க்காரர், அத்தானோடு சீட்டு விளையாடுகிறவர், சாவியைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார். "கீசர் உள்ள இருக்கிற வரைக்கும் நான் வண்டி எடுக்க மாட்டேன் பாய்" என்றார். அவருக்குப் பின்னால் நேபாளிகள், பெங்காலிகள், எல்லாரும் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். நான் ஒருவரையும் தூண்டவில்லை. விசாவை வெட்டிவிடுவேன் என்றார் சூப்பர்வைசர். யாரும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் மேனேஜரே வந்தார். அன்றைக்கு வண்டிகள் ஓடவில்லை.

அப்புறம்தான் கேஸ் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டார்கள். வண்டிக்கென்றே செய்த கீசர் வந்தது. வெளிக்காற்றை எடுத்துப் புகையை வெளியே விடுகிற மாதிரி, ஆள் இருக்கிற இடத்தோடு சேராமல் தனி அறை கட்டி மாட்டினார்கள். சிலிண்டரை நிமிர்த்தி இரும்புப் பட்டையில் பூட்டினார்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆள் உட்காரும் இடத்தில், விஷவாயு வந்தால் கத்துகிற சின்ன அலாரம் வைத்தார்கள். உள்ளங்கை அளவு. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் என் அத்தானின் புத்தி போக வேண்டியிருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் ரஹ்மத் பாய் வேனில் புகைக்குழாய் கழன்றுபோய் அலாரம் கத்தியது. அவரும் கூட இருந்த நேபாளியும் குதித்து வெளியே வந்துவிட்டார்கள். எனக்குப் போன் பண்ணி, "அல்ஹம்துலில்லாஹ். உன் அத்தான் எங்களைக் காப்பாத்திட்டார்" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு வீட்டுல ஆம்பளை முழுசா திரும்பி வருவாங்க. நல்லதுதான்ல" என்றாள். அப்புறம் சொன்னாள், "எங்க வீட்டுக்கும்தான் வந்திருக்காரு. பொத்தான் நான்தான் மாட்டி விடுதேன். ஜெபத்துல மட்டும் சரியா ஆமென் சொல்லுதாரு. எதுக்குன்னு தெரியாமச் சொல்லுதாரு."

சகோதரர்களே, சகோதரிகளே, நான் நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் அவர் செய்தார். ஆனால் கசப்பு போகவில்லை. போய்விட்டது என்று உங்கள் முன் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கசப்பையும் அவரிடமே சொல்கிறேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. இதெல்லாம் நடக்குமுன் நான் ஜெபிக்கிறவன் மாதிரி நடித்தேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபிக்கிறேன். நீங்களும் அப்படி நம்புங்கள். அழுகையானாலும் சண்டையானாலும் அவரிடம் கொண்டுபோங்கள்.

தலைவலி வந்தால் பனடால் போடாமல் முதலில் வண்டியை விட்டு இறங்குங்கள். அதுவும் விசுவாசம்தான். இங்கே கண்ணாடி துடைக்கிற வேனில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம். ஜெபித்துவிட்டு, வெளியே நிற்கிற உங்கள் வண்டியைப் போய்ப் பார்ப்போம்.