அக்கா பார்த்த நூதனசாலை

சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், இரண்டு கண்களும் போன பிறகு அக்கா எங்கள் ஊரான கட்டைபறிச்சானை விட்டு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போய் வந்தாள். ஒருநாள் காலையில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிற நூதனசாலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். வானொலியில் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

"அங்கை போய் என்னக்கா செய்யப்போறீங்கள்?"

"பார்க்கப்போறன்."

மூதூர் வரை ஓட்டோவிலும், பிறகு பஸ்ஸிலும் போனோம்.

உள்ளே எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. பீங்கான், பழைய காசு, மரத்தில் செய்த சின்னப் பாய்க்கப்பல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசி அறையில் ஒரு பெரிய நங்கூரம் பெட்டிக்கு வெளியே கிடந்தது. நான் சொன்னதும் என் கையை விட்டுவிட்டுக் குனிந்தாள்.

"தொட ஏலாது அம்மா," என்றார் காவலாளி.

"தம்பி, எனக்குக் கண் தெரியாது. தொட்டாத்தான் பார்த்த மாதிரி."

"விளங்குது அம்மா. ஆனா என்னாலை விட ஏலாது."

"அப்ப ஆராலை ஏலும்?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "வாங்கோ, போவம்," என்று தோளைத் தொட்டேன். அக்கா சுவரோரக் கதிரையைத் தடவி அதில் அமர்ந்தாள்.

"பெரியாளைக் கூப்பிடுங்கோ. நான் இருக்கிறன்."

பொறுப்பதிகாரி இளம்பெண். தொட்டால் பொருட்கள் பழுதாகும் என்று பொறுமையாக விளக்கினார்.

"உப்புத் தண்ணிக்குள்ள கிடந்த இரும்பு, பிள்ளை. என்ரை விரல் என்ன செய்யும்?"

அவர் சிரித்துவிட்டார். அக்காவின் கைகளைத் துணியால் துடைத்து, தானே நங்கூரத்தின் மேல் வைத்தார். அக்கா வளையத்திலிருந்து தொடங்கி, தண்டைத் தடவி, கூர்முனை வரை போனாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இவ்வளவு பெரிசோ? நீ சொல்லேக்கை சின்னனாயெல்லோ இருந்தது," என்றாள் என்னிடம். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாய்க்கப்பலையும் வெளியிலை எடுக்கலாமோ?"

"அதுக்கு மேலிடத்திலை கேக்கவேணும் அம்மா."

"கேளுங்கோ. அடுத்த மாசம் வாறன்."

அடுத்த மாதமும் போனோம். மேசையில் துணி விரித்துப் பாய்க்கப்பலை வைத்திருந்தார்கள். பாய்மரம் ஒடிந்துவிடாமல் அதிகாரி பிடித்துக்கொள்ள, அக்கா அடிப்பலகையிலிருந்து விரல்களால் மேலே மேலே ஏறினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "மாசத்திலை ஒருக்கா வந்தா எல்லாத்தையும் பார்த்து முடிக்கலாம், என்ன?"

"ஓமக்கா," என்றேன்.