மலையிலிருந்து வந்த சைக்கிள்

என் சித்தப்பா கடலில் இருந்ததைவிட ரோட்டில் இருந்த நேரம்தான் அதிகம் என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. சங்கு குளிக்கும் காலத்தில் தோணியில் போவார். மற்ற மாதங்களில் விடியுமுன்னே மீன் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைச் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுவார். வெயில் ஏறி மீன் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டி ஓட்டி, அவருக்கு மெதுவாக மிதிக்கவே தெரியாமல் போயிற்று. என்னை முன்கம்பியில் உட்காரவைத்து மாதா கோயிலுக்குக் கூட்டிப் போகும்போதும் அதே வேகம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

அப்பா வேறு மாதிரி. கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிளார்க். எங்கள் சொந்தத்தில் கடலில் கால் நனைக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அந்தக் கம்பெனித் துரையைப் பற்றி வீட்டுக்குள் பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். துரை என்ன சொன்னார் என்பதைவிட, எப்படிப் பார்த்தார், தலையை எந்தப் பக்கம் அசைத்தார் என்பதைத்தான் அம்மாவிடம் விவரமாகச் சொல்வார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் துறைமுகத்து வெள்ளைக்காரர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். பாபநாசம் மலையடிவாரத்தில் புறப்பட்டு, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, வல்லநாடு வழியாகத் தூத்துக்குடிக் கடற்கரையில் வந்து முடிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். அதை அப்படியே நம்பிப் பெயர் கொடுத்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

அவர் சைக்கிளிலிருந்து கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். அப்போது நல்ல டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர், சித்தப்பாவிடம் வாடிக்கையாகச் சங்கு வாங்குகிறவர், கொழும்பிலிருந்து வந்த புது டயர் இரண்டைக் கொடுத்தனுப்பினார். தெருவே கூடி நின்று அந்த டயர்களைத் தடவிப் பார்த்தது. சித்தப்பாதான் ஜெயிப்பார் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பாவுக்கும் இல்லை. அதுதான் அவருடைய கஷ்டம்.

பந்தயத்துக்கு இரண்டு நாளைக்கு முன்பு அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். துரையின் தங்கை மகன் சீமையிலிருந்து வந்திருக்கிறானாம், அவனும் பந்தயத்தில் ஓட்டுகிறானாம். துரை அன்று அப்பாவின் மேசைக்கு வந்து, "உன் தம்பியும் ஓட்டுகிறானாமே" என்று கேட்டுத் தோளில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"அதுக்கென்ன?" என்றாள் அம்மா.

"என் மேசைக்கு அவரு வந்ததே கெடையாதுளா. தட்டின தட்டுல ஒண்ணு இருக்கு."

"தொரை வாயத் தொறந்து ஏதாச்சும் சொன்னாரா?"

"வாயத் தொறந்து வேற சொல்லணுமா? பாத்த பார்வை போதாதா?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். தட்டுவதில் என்ன இருக்க முடியும் என்று நான் என் தோளில் நானே தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பந்தயத்தன்று ஊர் முழுக்கக் கடற்கரையில் நின்றது. அப்பா மட்டும் என்னை ஜட்கா வண்டியில் ஏற்றி, ஊரைத் தாண்டி மேற்கே கூட்டிப் போனார். பனைகளும் உடைமரங்களுமாக ஆளரவமே இல்லாத ஓர் இடத்தில் இறங்கி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கையில் ஒரு செம்பு நிறைய எலுமிச்சம்பழத் தண்ணீர் இருந்தது.

"ஏம்ப்பா இங்கன நிக்கோம்? எல்லாரும் கடற்கரையிலல்லா நிக்காவ?" என்று கேட்டேன்.

"இங்கன நின்னாத்தான் சித்தப்பாவ மொதல்ல பாக்கலாம். அவன் வரும்போது செம்பப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல எறங்கி நில்லு. உன்னையக் கண்டா நிப்பான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை தூரம் மிதித்து வருகிறவருக்கு முதல் தண்ணீர் என் கையால்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு ரோட்டின் மேற்குக் கோடியில் ஒரு வெள்ளைப் புள்ளி ஆடியது. சித்தப்பாதான். தலை குனிந்திருந்தது. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது. அப்பா என் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினார். செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நான் நடு ரோட்டில் போய் நின்றேன்.

"ஏளா, ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டே வந்தவர், பிரேக்கைப் பிடித்து, சறுக்கி, ஒரு காலை ஊன்றி என் முன்னால் நின்றார். நிற்கவும் அப்பா வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போலே."

"ஊருக்குள்ள போய்க் குடிச்சிக்கிடுதேன். கைய எடுண்ணே."

அப்பா கையை எடுக்கவில்லை. "தொரைக்குத் தங்கச்சி மவன் பின்னால வாரான். அவன் முன்னால போவட்டும். நீ ரெண்டாவதா வா. போதும்லே."

சித்தப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. மூச்சு இரைக்க அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு, "மலையிலேருந்து மிதிச்சு வாரேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"தெரியும்லே. இந்தப் பிள்ளையப் பாரு. இந்த வேல போச்சுன்னா நான் எங்கன போவேன்? உன்னைய மாதிரி எனக்கு முங்கத் தெரியுமா?"

சித்தப்பா ஓர் உதறு உதறியிருந்தால் அப்பா பள்ளத்தில் விழுந்திருப்பார். அவர் உதறவில்லை. என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த செம்பை வாங்கி, அவசரமே இல்லாமல் அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வெள்ளைக்காரப் பையன் வந்தான். முகம் அவித்த நண்டாகச் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து என்னவோ கேட்டான். சித்தப்பா 'போ' என்று கையை வீசினார். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அப்பா ஹேண்டில்பாரை விட்டார். "இப்பப் போலே. ரெண்டாவது கெடைக்கும்."

சித்தப்பா ஏறவில்லை. என்னைத் தூக்கி முன்கம்பியில் உட்காரவைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். அப்பா கொஞ்சம் பின்தங்கியே நடந்து வந்தார். ஊர் எல்லையில் கூடிக் கேட்டவர்களிடம், "நாக்கு வறண்டு மயக்கம் வந்துட்டு" என்று அவர்தான் பதில் சொன்னார். கடலுக்கடியில் மூச்சடக்கிக் கிடக்கிற ஆளுக்கு ரோட்டில் மயக்கம் வந்த கதையைத் தெரு ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. சித்தப்பா எதையும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. துரையும் அந்தப் பையனும் இறங்கினார்கள். எங்கள் தெருவுக்குக் கார் வந்ததே அதுதான் முதல் தடவை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டான். துரை அதையே திரும்பவும் கேட்டார். "வொய் டிட் ஹி ஸ்டாப்?" எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. அவர்கள் போன பிறகு அதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு தெருவில் நொண்டியடித்தேன். பல வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தபோதுதான், அவன் ஏன் நின்றான் என்று துரையும் பையனும் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

துரை அன்று இன்னொன்றும் சொன்னாராம். அப்பா இறந்த பிறகுதான் அம்மா அதை என்னிடம் சொன்னாள். கிளார்க்கின் தம்பிதான் முதலில் வருவான், என் மருமகன் அவன் பக்கத்தில்கூட வர முடியாது என்று, கிளப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். அப்பாவின் தோளில் அவர் தட்டியது அதற்காகத்தான்.

கார் போனதும் சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். துறைமுகத்தில் புழங்குகிற ஆள், கொஞ்சம் இங்கிலீஷ் விளங்கும்.

"என்னைய நிப்பாட்டச் சொல்லித் தொரை உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியாண்ணே?"

அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தெருவில் இறங்கிப் போனார்.

கொழும்புக்கு உப்பு ஏற்றிப் போன தோணியில் அந்த மாதமே அவரும் போய்விட்டார். அங்கே இருக்கிறார் என்று கொஞ்ச காலம் யாராவது வந்து சொன்னார்கள். பிறகு சொல்லவும் ஆளில்லை. அடுத்த வருஷம் துரையே குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறினார். கம்பெனி வேறு கைக்கு மாறியது. அப்பா அதே நாற்காலியில்தான் கடைசிவரைக்கும் இருந்தார். அவரை யாரும் ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை.

சித்தப்பா போன மறு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சு பந்தயத்துக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய ஆள் எப்படி நடு ரோட்டில் நின்றான் என்று ஒருவர் கேட்டார். இத்தனை நாளும் யாரும் என்னைக் கேட்கவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது. முன்னால் போய் நின்று சொன்னேன்.

"நான்தான் நிப்பாட்டுனேன். அப்பா செம்பைத் தந்து நிக்கச் சொன்னாவ. சித்தப்பா எல்லாத்தையும் குடிச்சாவ."

அப்பா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதுவரைக்கும் என்னை அவர் தொட்டு அடித்ததில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே என்று யோசித்துக்கொண்டே அழுதேன். வந்தவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என்னைத் தூக்குவாள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடி வாங்கியது நான். அவள் ஏன் அங்கே போனாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.