யாரும் திருத்தாத உச்சரிப்பு

கமலாவதி அக்கா இறந்த செய்தி அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு வரியில் மூன்று பிழைகள். நம் அறிக்கைகளில் அப்படிப்பட்ட பிழைகளை இருபது வருடமாகத் திருத்தியவர் அவர்தான் என்பது அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். மற்றதை நான்தான் சொல்ல வேண்டும்.

செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு நகருக்கு பஸ்ஸில் வந்துபோன தட்டச்சாளர் அவர். தேவாலயம் ஒன்று கழித்துவிட்ட பழைய ஆங்கில நாவல்களை வாங்கி, பஸ்ஸிலேயே படித்துச் சொற்களைச் சேர்த்தார். தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் தொடமாட்டார். அந்தப் பக்கத்தை மறுபடி படிப்பார். பிறகு அச்சொல்லை வைத்து வாவியைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஒரு வசனம் எழுதுவார்.

"அகராதி அர்த்தத்தத்தான் சொல்லும். அந்தச் சொல்ல ஆர் ஆருக்கிட்ட, என்ன கோவத்தில சொல்லுறாங்க எண்டு கதையிலதான் கா இரிக்கி" என்பார்.

மத்தியான இடைவேளையில் தன் வசனங்களை எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் கொழும்பில் படித்தவள். அவர் எழுத்தில் குறை காண முடியாது. உச்சரிப்பு பாதி பிழை. அந்தச் சொற்களை யாரும் சொல்லி அவர் கேட்டதேயில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு "நல்லம் அக்கா" என்பேன்.

இணைப்பாளர் பதவிக்கான நேர்முகத்தில் எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்தி, வெள்ள நிவாரணம் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். முகாமில் நிலவிய பெருங்குழப்பத்தை அக்கா விவரித்தார். 'கேயாஸ்' என்று சொல்ல வேண்டியதை 'சாவோஸ்' என்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பேச்சை அதோடு நிறுத்திவிட்டார். பதவி எனக்குக் கிடைத்தது.

மறுநாள் என் மேசைக்கு வந்தார்.

"அந்தச் சொல்ல எப்பிடிச் சொல்லணும்?"

சொன்னேன்.

"உனக்கு முன்னமே தெரியும்தானே?"

"ஓம் அக்கா."

"எத்தின தரம் உனக்கு வாசிச்சுக் காட்டியிருப்பன். ஒருநாளைக்காவது சொல்லியிருக்கலாமே, புள்ள."

அதன் பிறகு அவர் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்லையும் நான் கேட்கவில்லை. வாசிப்பை அவர் விடவில்லை. ஓய்வுபெறும்வரை என் அறிக்கைகளையும் திருத்தினார். அவற்றுக்குக் கிடைத்த பாராட்டுகள் எதையும் நான் மறுத்ததில்லை.

போன வருடம் அவர் நோயில் கிடந்தபோது மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் தொடங்கியதுமே, "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? தேத்தண்ணியக் குடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடித்துவிட்டு வந்தேன்.

செத்தவீட்டில் பலர் அவருடைய ஆங்கிலத்தைப் புகழ்ந்தார்கள். அவர் உச்சரிப்பை நான் ஏன் திருத்தவில்லை என்பதற்கு, அவர் என் மேசைக்கு வந்த அன்றே என்னிடம் பதில் இருந்தது: அவர் பிழையாகச் சொல்லும்வரைதான் நான் அவரைவிடக் கெட்டிக்காரி. அக்காவிடம் சொல்லாமல் எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பதில்தான்.