இரண்டரை மணி

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த அண்ணாச்சிக்கு நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. எதை நீக்கினாலும், திரையை என் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் நீக்கினார்.

பிரவுசரைத் திறந்தாலே என் லேப்டாப் திணறியது. உள்ளே பன்னிரண்டு பிளக்இன்கள், பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டி நிரல்கள், இருப்பதாகக் காட்டினார்.

“இந்தத் தள்ளுபடிக் கூப்பன் காட்டுதத என்னத்துக்கு சார் வச்சிருக்கீய?”

“நான் வச்ச மாதிரியே ஞாபகம் இல்ல.”

“சும்மா உக்காந்து மெமரிய தின்னுது. எடுத்திருதேன்.”

இப்படியே பதினொன்று போயின. மிஞ்சியது, என் மகன் இருக்கும் ஊரின் நேரத்தையும் வானிலையையும் காட்டுவது. மெமரியை அதிகம் தின்றதும் அதுதான்.

“அங்கன யாரு இருக்கா?”

“மகன். பேசி ரெண்டு வருசமாச்சு. அதையும் எடுத்திருங்க அண்ணாச்சி.”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரைக் கவனித்தேன். சுவர்க் கடிகாரத்தில் மாலை ஐந்து மணி. அவருடைய பிரவுசரின் மூலையில் இரண்டரை.

“உங்கதுல மணி தப்பா ஓடுதே,” என்றேன்.

“ஓடட்டும் சார்.”

வீட்டுக்கு வந்து பிரவுசரைத் திறந்தேன். தொட்டதும் திறந்தது. மூலையில் மகனுடைய ஊர் அப்படியே இருந்தது. காலை எட்டு மணி, பனி. என்னைக் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம், அதை விட்டுவைத்ததுதான்.

அந்த இரண்டரை எந்த ஊரின் இரண்டரை என்று, நான் அவரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.